கடையநல்லூர் தெரு, எண் 1

2014-இல் சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்த முதல் வாரம். மதியம் எங்கே சாப்பிடப் போகிறோம் என்று கேட்டதற்கு, டீமில் இருந்த சீனப் பையன் சாட்டில் ஒரு முகவரியைப் போட்டான்: 1, கடையநல்லூர் ஸ்ட்ரீட். கிண்டல் பண்ணுகிறான் என்றுதான் நினைத்தேன். எனக்கு ஊர் புளியங்குடிப் பக்கம். கடையநல்லூர் என்றால் தென்காசி போகிற வழியில் பஸ் நிற்கும், நாலு பேர் இறங்குவார்கள், முறுக்கு விற்கிற பையன் ஏறுவான், அவ்வளவுதான். மேப்பில் தட்டிப் பார்த்தேன். சைனாடவுன் ஓரத்தில் போய் குத்தி நின்றது.

போய்ப் பார்த்தால் அது மேக்ஸ்வெல் உணவங்காடி நிலையம். உலகத்தில் இருக்கிற பயண வீடியோக்காரர்கள் எல்லாம் கோழிச்சோற்றுக்கு வரிசையில் நிற்கிற இடம். அதன் அதிகாரபூர்வ முகவரிதான் கடையநல்லூர் தெரு, எண் 1. நாங்களும் அரை மணி நேரம் நின்றோம். கிடைத்தது வெள்ளைக் கோழி, அதுவும் ஆறின கோழி. வேகவைத்துக் குளிர்ந்த நீரில் முக்கி எடுத்தது. பக்கத்தில் பளபளவென்று சோறு. உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்கு அது நோயாளிச் சாப்பாடு மாதிரித்தான் இருந்தது. கோழிக் கொழுப்பிலும் இஞ்சி பூண்டிலும் வதக்கி, கோழி வெந்த தண்ணீரிலேயே வடிக்கிற அந்தச் சோறுதான் விஷயமே, கோழி சும்மா துணைக்கு என்று புரிய எனக்கு ஆறு மாதம் ஆனது. அதுவரை செராங்கூன் சாலையில் தோசையும் பொங்கலும்தான். 1947-இலிருந்து இருக்கிற கோமள விலாஸில் உட்கார்ந்துகொண்டு, 'சிங்கப்பூர்ல ஒண்ணும் வாய்க்கு வெளங்கல' என்று வீட்டுக்கு போன் பண்ணிக்கொண்டிருந்தேன்.

தெருப்பெயர் மட்டும் மண்டையில் உட்கார்ந்துவிட்டது. அது எப்படி அங்கே வந்தது என்று தேடப் போய்த்தான் இந்த நகரத்தின் சாப்பாட்டுக் கதைக்குள் விழுந்தேன்.

மேக்ஸ்வெல்லுக்குப் பக்கத்தில் தஞ்சோங் பகார். துறைமுகத்தை ஒட்டிய அந்தப் பகுதியில் கடையநல்லூர், தென்காசிப் பக்கத்து முஸ்லிம்கள் நெருக்கமாக வாழ்ந்தார்கள். அந்தக் காலத்தில் தமிழ் ஆண்கள் பெரும்பாலும் குடும்பத்தை ஊரில் விட்டுத் தனியாகக் கப்பலேறினார்கள். கடையநல்லூர்க்காரர்கள் பெண்டு பிள்ளைகளோடு வந்தார்கள். பெண்கள் அம்மியில் மசாலா அரைத்து விற்றார்கள். அவர்கள் அரைத்த மசாலா யார் யார் சட்டியில் எல்லாம் விழுந்ததோ. இன்றைக்கு அங்கே போனால் காப்பிக் கடையும் வக்கீல் ஆபீஸும்தான். தெருப்பலகை ஒன்றுதான் பாக்கி.

நான் குடியிருந்த பேட்டையின் கீழே வேறொரு உணவங்காடி நிலையம் இருந்தது. பெயர் பெற்றது ஒன்றும் இல்லை. அங்கேதான் பாயைப் பார்த்தேன். மீ கோரெங், இந்திய ரோஜாக் இரண்டும்தான் அவர் கடையில். முதல் நாள் தட்டில் வந்த நூடுல்ஸைப் பார்த்து எனக்குத் திக்கென்றது. அல்வா நிறம். தக்காளி சாஸ், உருளைக்கிழங்கு, மட்டன் துணுக்கு, முட்டை, பச்சை மிளகாய் எல்லாம் சேர்த்து, பெரிய தீயில் பிரட்டிப் போட்டது. 'மீ' ஹொக்கியன் சொல், நூடுல்ஸ். 'கோரெங்' மலாய், வறுத்தது. பெயரில் தமிழ் ஒரு எழுத்துகூடக் கிடையாது. ஆனால் சிங்கப்பூரில் அதைக் கண்டுபிடித்து விற்றது தமிழ் முஸ்லிம்கள். சீனாவிலும் இப்படி ஒரு பண்டம் இல்லை, நம்மூரிலும் இல்லை. ரோஜாக் என்றாலே மலாயில் கலவை என்றுதான் பொருள். வடை, உருளைக்கிழங்கு, அவித்த முட்டை, சோயாக்கட்டி என்று நாம் சுட்டிக் காட்டுவதை வெட்டிப் போட்டு, சர்க்கரைவள்ளிக்கிழங்கு மசித்த இனிப்புக் காரக் குழம்போடு தருவார்கள்.

"ஊர் எது தம்பி?" என்றார். சொன்னேன். கரண்டியை வைத்துவிட்டு, "அட, நம்ம கடையநல்லூருக்கு அடுத்த ஊரு" என்றார். எட்டு வயதில் அம்மாவோடு கப்பலில் வந்தவர். ஊருக்கு அதற்கப்புறம் மூன்றே முறைதான் போயிருக்கிறார். ஆனாலும் 'நம்ம'தான். அன்றைக்கு முட்டை ஒன்று கூட விழுந்தது.

பாயின் அத்தா தள்ளுவண்டி வைத்திருந்தார். சிங்கப்பூரின் சாப்பாட்டு வரலாற்றை எழுதுகிறவர்கள் எல்லாரும் இந்தத் தெருவிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள், நானும் அப்படியே. வீட்டு அடுப்பு என்பது வசதிக்காரர் விஷயமாக இருந்த நகரம் அது. ஒரு கடைவீட்டின் மாடியைப் பத்துப் பதினைந்து தடுப்புகளாகப் பிரித்து, ஒவ்வொரு தடுப்பிலும் ஒரு கூலித் தொழிலாளியோ ஒரு குடும்பமோ இருக்கும். சமைக்க இடமேது? அதனால் சாப்பாடு ஆளைத் தேடி வந்தது. தோளில் மூங்கில் கழி, இரண்டு முனையிலும் கூடை. ஒன்றில் அடுப்பு, ஒன்றில் பாத்திரம். சோறோ நூடுல்ஸோ சுமந்து தெருத்தெருவாகப் போவார்கள். நூடுல்ஸ்காரரின் பையன் மூங்கில் துண்டுகளைத் தட்டிக்கொண்டே முன்னால் ஓடுவான். சத்தத்தை வைத்தே யார் வருகிறார் என்று மாடியில் தெரியும். மேலேயிருந்து கயிற்றில் கூடை இறங்கும், அதில் காசு இருக்கும். கிண்ணம் மேலே போகும். ஸ்விகி என்ன பெரிய ஸ்விகி.

பினாங்கில் இதே கழிக்கு மலாய்ச் சொல் ஒட்டி 'நாசி கண்டார்' என்று ஒரு சாப்பாடே இருக்கிறது. கண்டார் என்றால் கழியில் சுமப்பது. அதை விற்றதும் தமிழ் முஸ்லிம்கள். நம் பழைய தமிழில் இந்தக் கழிக்குக் 'கா' என்று பெயர், காவடியில் இருக்கிற கா. நாம் முருகனுக்கு எடுத்ததை இவர்கள் பசித்தவனுக்கு எடுத்தார்கள் என்று ஒரு வரி எழுதிப் பார்த்தேன். ரொம்ப சினிமாத்தனமாக இருந்தது.

அரசாங்கத்துக்கு இந்தத் தெரு என்றைக்குமே பிடித்ததில்லை. 1822-இல் ராஃபிள்ஸ் போட்ட நகரத் திட்டத்தில் கடைவீடுகளுக்கு முன்னால் நடைபாதை விட வேண்டும் என்று இருந்தது. மலாயில் அதற்கு 'காக்கி லீமா', ஐந்தடி. நடப்பதற்கு விட்ட இடத்தில் ஜனங்கள் கடை விரித்தார்கள். 1888-இல் அதைக் காலி பண்ணச் சொன்னபோது நகரத்தில் கலவரமே நடந்திருக்கிறது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் வேலையில்லாதவன் எல்லாம் அடுப்பைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தான். 1950-இல் பொருளியல் பேராசிரியர் டி. எச். சில்காக் தலைமையிலான விசாரணைக் குழு ஓர் அறிக்கை தந்தது. தெருவியாபாரி என்றாலே பொதுத்தொல்லை என்று பார்க்கிற மனம் அதிகாரிகளிடம் இருக்கிறது என்பதை அது மறைக்கவில்லை. ஏழைக்கு மலிவாகச் சோறு போடுவது இவர்கள்தான் என்பதையும் சொன்னது.

தனி நாடான பிறகுதான் காரியம் நடந்தது. 1968-69-இல் தீவு முழுக்கத் தெருவியாபாரிகளைக் கணக்கெடுத்துப் பதிவு செய்தார்கள். சுமார் 24,000 பேர். அதில் தெருவில் இருந்த 18,000 பேரை 1971-இலிருந்து 1986-க்குள் கூரை, குழாய், கழிவுநீர்க் குழாய், மின்சாரம் வைத்த கட்டடங்களுக்குள் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். உணவங்காடி நிலையம் என்று இன்றைக்கு நாம் சொல்வது இதைத்தான். பதினைந்து வருஷம். என் வேலையில் ஒரு பழைய சர்வரிலிருந்து புதுசுக்கு மாற்றுவதற்கே பாதியில் ரத்தக்கொதிப்பு வந்துவிடும். இவர்கள் ஒரு நகரத்தின் மதியச் சாப்பாட்டையே நிறுத்தாமல் இடம் மாற்றியிருக்கிறார்கள்.

நிறுத்தாமல் என்றுதான் வெளியிலிருந்து பார்த்தால் தெரியும். உள்ளே இருந்தவர் கதை வேறு.

உரிமம் இல்லாதவர்களைப் பிடிக்க 1974-இல் தனிப்படை ஒன்று வந்தது. ஆய்வாளர்களுக்குச் சீனர்கள் வைத்த பட்டப்பெயர் 'தே கூ', பூமிக்காளை. அந்தச் சத்தம் தெருமுனையில் கேட்டால் கொதிக்கிற சட்டியோடு வண்டியை உருட்டிக்கொண்டு சந்துக்குள் ஓடுவார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கிண்ணத்தோடு கூடவே ஓடுவானாம், காசு கொடுக்க. பாய் இதைச் சொல்லும்போது சிரிப்பார். பிறகு அத்தாவின் வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போன கதையைச் சொல்வார், அதற்குச் சிரிக்க மாட்டார். "வண்டிய விடுங்க தம்பி. அன்னிக்கு அரைச்ச மசாலா அதுல இருந்துச்சு. அம்மா விடிகாலை மூணு மணிக்கு எந்திரிச்சு அரைச்சது."

இன்னொரு கணக்கும் அந்தத் திட்டத்துக்குள் இருந்தது. ஜூரோங்கில் தொழிற்சாலைகள் வந்துகொண்டிருந்தன, அவற்றுக்கு ஆள் வேண்டும். உடம்பில் தெம்புள்ள இளைஞன் நூடுல்ஸ் கிண்டிக்கொண்டிருப்பது நாட்டுக்கு நஷ்டம் என்று அரசு பார்த்தது. உரிமம் தருவதில் வயதானவர்களுக்கும் வேறு பிழைப்புக்கு வழியில்லாதவர்களுக்கும்தான் முன்னுரிமை. அதாவது, இந்தத் தொழில் ஒரு தலைமுறையோடு மெல்ல அடங்கிவிடும் என்ற எதிர்பார்ப்பு அதன் அஸ்திவாரத்திலேயே கிடந்தது. இன்றைக்கு அங்காடிக்காரர்களில் பாதிப் பேர் அறுபதை ஒட்டிய வயதில் இருக்கிறார்கள், வாரிசு இல்லை என்று பத்திரிகைகள் வருஷா வருஷம் கவலைப்படும்போது எனக்கு இதுதான் ஞாபகம் வரும். இது எங்கிருந்தோ வந்த விபத்து இல்லை. அன்றைக்குப் போட்ட கணக்குக்கு இன்றைக்கு விடை வருகிறது.

நானோ 'தெருவின் உயிர் போச்சு' என்று எழுதுகிற கட்சி. கல்லூரியில் படிக்கும்போதே இப்படிக் கட்டுரைகளைத் தேடித் தேடி வாசித்தவன். ஒருநாள் மழை, கூட்டம் இல்லை. பாயிடம் கேட்டேன், "தெருவை விட்டு உள்ள வந்தப்ப கஷ்டமா இருந்துச்சா பாய்?"

"குழாய் தம்பி" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"குழாயத் திருப்பினா தண்ணி வந்துச்சு. தெருவுல ரெண்டு வாளிதான். ஒரு வாளியில நூறு தட்டு கழுவணும். நூறாவது தட்டுல சாப்பிட்டவனுக்கு என்னாச்சுன்னு யாருக்குத் தெரியும்? எங்க தெருவுலயே டைபாய்டுல ஒரு புள்ள போச்சு. யாரு தட்டோ. அத்தா ராத்திரியெல்லாம் அதையே சொல்லிக்கிட்டு இருந்தாரு."

காலராவும் டைபாய்டும் அந்த நகரத்தில் புள்ளிவிவரம் மட்டும் இல்லை. எச்சில் தண்ணீரும் எண்ணெயும் சாக்கடை வழியாகச் சிங்கப்பூர் ஆற்றுக்குப் போனது. 1977-இல் லீ குவான் இயூ பத்து வருஷத்தில் ஆற்றில் மீன் பிடிக்க முடிய வேண்டும் என்று கெடு வைத்தார். ஆற்றோரப் பகுதிகளிலிருந்து மட்டும் ஏறத்தாழ 5,000 தெருவியாபாரிகள் இடம் மாற்றப்பட்டார்கள். 1987-இல் ஆறு நாறவில்லை. என் ரொமான்டிக் கேள்விக்கு அந்த ஒரு வார்த்தையில் பதில் வந்துவிட்டது. அதற்கப்புறம் 'தெருவின் உயிர்' என்று யாராவது எழுதினால் என் கண் முதலில் வாளியைத் தேடுகிறது.

ஆனால் குழாயோடு கதை முடியவில்லை. குலுக்கலில் கடை விழுந்தது, பழைய இடத்திலிருந்து தள்ளி. கப்பல் பட்டறை ஆட்கள் வருவதற்கு வழியில்லை. அத்தாவுக்கு உள்ளே பழகவே இல்லை. தெருவில் அவர் குரல் கொடுப்பார், ஆள் வரும். இங்கே பலகைதான் பேச வேண்டும். ஒரு வருஷம் கடைக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்துவிட்டு, சட்டியைப் பாயிடம் கொடுத்துவிட்டார்.

அந்தக் கூரையின் கீழே வேறொன்றும் நடந்தது, இதை யாரும் திட்டமிடவில்லை என்றுதான் நினைக்கிறேன். தெருவில் ஹொக்கியன்காரர் ஒரு பக்கம், மலாய்க்காரர் ஒரு பக்கம், நம்மவர் ஒரு பக்கம் என்று பிரிந்திருந்தார்கள். உள்ளே வந்ததும் அடுத்தடுத்த கதவு. இப்போதும் தட்டு வைக்கிற அலமாரி ஹலாலுக்குத் தனி, மற்றதற்குத் தனிதான். ஆனால் மேசை ஒன்று. பன்றிக்கறி நூடுல்ஸ் சாப்பிடுகிறவனும் நாசி லெமாக் சாப்பிடுகிறவனும் ஒரே மேசையில் முழங்கை இடிக்க உட்காருவார்கள். டிஷ்யூ பாக்கெட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனால் இடம் உங்களுடையது, யாரும் தொட மாட்டார்கள். சட்டம் இல்லாத சட்டம்.

காப்பி கேட்கிற மொழியைப் பாருங்கள். 'கோப்பி' என்றால் கட்டிப்பால் போட்டது. 'கோப்பி ஓ' என்றால் பால் இல்லை, சர்க்கரை உண்டு. 'ஓ' ஹொக்கியனில் கறுப்பு. 'கோசோங்' சேர்த்தால் சர்க்கரையும் இல்லை, மலாயில் வெறுமை. 'சியூ தாய்' கண்டோனீஸ், இனிப்பைக் குறை. 'பெங்' என்றால் ஐஸ். கமாண்டுக்குப் பின்னால் ஃபிளாக் போடுகிற மாதிரி ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டே போகலாம். மூன்று மாதத்தில் எனக்கு அத்துப்படி ஆன ஒரே சிங்கப்பூர் மொழி இதுதான்.

2016-இல் மிஷலின் வழிகாட்டி சைனாடவுன் கட்டடத்தில் இருந்த சான் ஹொன் மெங் என்பவரின் சோயாசாஸ் கோழிக்கடைக்கு ஒரு நட்சத்திரம் கொடுத்தது. இரண்டு வெள்ளி சொச்சத்துக்கு உலகத்தரச் சாப்பாடு என்று ஊரெல்லாம் பேச்சு. 2020 டிசம்பரில் யுனெஸ்கோ சிங்கப்பூரின் உணவங்காடிப் பண்பாட்டை மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது. பொதுத்தொல்லை என்று ஆரம்பித்த பயணம் எழுபது வருஷத்தில் மரபுச் செல்வமாகி முடிந்தது. பாய் கடையிலும் ஒரு போஸ்டர் ஒட்டினார்கள். அது ஒட்டின இடம் விலைப்பட்டியலை மறைத்துவிட்டது என்பதுதான் அவர் புகார்.

விலைப்பட்டியலுக்கு வருகிறேன். நான் வந்த வருஷம் மீ கோரெங் மூன்றரை வெள்ளி. சில வருஷம் கழித்து ஒருநாள் நான்கு என்று எழுதியிருந்தார். "என்ன பாய், ஏத்திட்டீங்க" என்றேன், சும்மா உரிமையில்தான். திரும்பிப் பார்க்காமல் பிரட்டிக்கொண்டே கேட்டார்:

"உங்க ஆபீஸ்ல வருஷா வருஷம் கூட்டித் தர்றாங்கல்ல தம்பி?"

தந்துகொண்டுதான் இருந்தார்கள். அன்றைக்குக் காலையில்தான் ஆபீஸ் கீழே இருக்கிற கஃபேயில் ஏழு வெள்ளி கொடுத்து ஒரு காப்பி குடித்திருந்தேன். அங்கே நான் விலையைப் பார்த்ததுகூட இல்லை. பாய் காலை ஐந்து மணிக்குக் கடை திறப்பார், இரவு எட்டுக்கு மூடுவார், திங்கள் மட்டும் லீவு. கார் நிறுத்துகிற இடத்தளவு அறை, உள்ளே இரண்டு அடுப்பு, ஏசி கிடையாது. நான் வியந்து வியந்து போட்டோ போட்ட 'மலிவு' அவருடைய முதுகிலிருந்து வந்தது. பழைய தலைமுறைக்கு அரசு வாடகையைக் குறைத்து வைத்திருந்ததால் தாக்குப்பிடித்தார்கள். புதிதாக வருகிறவர் ஏலத்தில் எடுக்க வேண்டும். 2024-இல் மரீன் பரேடில் ஒரு கடைக்கு மாதம் 10,000 வெள்ளிக்கு மேல் ஏலம் கேட்டார்கள். அந்த வாடகையில் நான்கு வெள்ளிக்கு மீ கோரெங் போட்டால் ஒரு நாளைக்கு எத்தனை தட்டு என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். நான் பார்த்தேன். வாடகைக்கு மட்டும், திங்கள் லீவும் விட்டால், தினம் தொண்ணூறு தட்டுக்கு மேல். நூடுல்ஸ், எண்ணெய், கேஸ் இன்னும் அதில் சேரவில்லை.

2011-இல் அரசு மறுபடியும் புது நிலையங்கள் கட்டப்போவதாக அறிவித்தது, கட்டியும் வருகிறது. இளைஞர்களைப் பழக்கும் திட்டங்களும் இருக்கின்றன. என் வயதுக்காரர்கள் சிலர் ஐடி வேலையை விட்டுவிட்டு வந்து கடை போடுகிறார்கள், பாராட்டத்தான் வேண்டும். அதில் எத்தனை பேர் மூன்றாவது வருஷமும் அங்கே நிற்கிறார்கள் என்பதுதான் என் சந்தேகம்.

பாய் மகளை நர்சுக்குப் படிக்க வைத்தார், மகனை வங்கிக்கு. "அவனுக்கு இஷ்டம்தான். நாந்தான் வேணாம்னேன்" என்று ஒருமுறை சொன்னார். 2023-இல் முழங்கால் தேய்ந்து நிற்க முடியாமல் போனதும் கடையைத் தேசியச் சுற்றுப்புற வாரியத்திடம் ஒப்படைத்தார். கடைசி நாள் என்று பலகை எதுவும் வைக்கவில்லை. வழக்கம்போல் போனேன், ஷட்டர் இறங்கியிருந்தது. எட்டு மாதம் அப்படியே கிடந்தது. இப்போது அங்கே ஒரு சீன இளைஞர் மாலா காரச் சட்டி போடுகிறார். நன்றாகவே இருக்கிறது, விலை பதினொன்று.

போன மாதம் வீட்டில் நானே மீ கோரெங் செய்து பார்த்தேன். தெக்கா மார்க்கெட்டில் மஞ்சள் நூடுல்ஸ், மட்டன், அவர் வாங்குகிற அதே பிராண்ட் சாஸ். நிறம் வந்தது, ருசி வரவில்லை. பாய்க்கு போன் போட்டேன். வரிசையாக என்னென்ன போட்டேன் என்று கேட்டுக்கொண்டே வந்தார். எல்லாம் சரிதானாம்.

"வீட்டு அடுப்புல நெருப்பு பத்தாது தம்பி. சட்டி ஓரத்துல தீ ஏறணும். கொஞ்சம் கொஞ்சமாப் போட்டுப் பாருங்க, ஒரு தட்டுக்கு மேல போடாதீங்க. ஜன்னலத் தெறந்து வச்சுக்கங்க, இல்லேன்னா அலாரம் அடிச்சிரும்."